‘எபிதலாமியன்’: சீர், இயைபு, மாறிக்கொண்டே வரும் பல்லவி

எட்மண்ட் ஸ்பென்சரின் ‘எபிதலாமியன்’ என்ற மணப்பாட்டின் மீட்டர் (சீர் நடை) என்ன, ரைம் ஸ்கீம் (இயைபு அமைப்பு) என்ன, ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் வரும் அந்த வரிக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, முதல் பத்திக்குக் குறித்த இயைபு இரண்டாவது பத்திக்குப் பொருந்தவில்லை, வரிகளும் ஓரிடத்தில் 18, ஓரிடத்தில் 19, ஓரிடத்தில் 17 என்று வருகின்றன, நோட்ஸில் ‘365 வரி, 24 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பலாமா என்றும் கேட்கிறீர்கள். எண்ணும் வேலையை நீங்களே பாதிக்கு மேல் செய்துவிட்டீர்கள். எண்ணியதை வைத்துக்கொண்டு என்ன சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் இந்தப் பாட்டைப் பல வருடங்கள் நடத்தியிருக்கிறேன். ஆங்கிலம் எனக்கும் இரண்டாவது மொழிதான். அதனால் காதை மட்டும் நம்பிச் சொல்வதையும் எண்ணிச் சரிபார்க்கக்கூடியதையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. பாட்டு 1595-இல் லண்டனில் வில்லியம் பொன்சன்பி வெளியிட்ட சிறு நூலில், ‘அமொரெட்டி’ என்ற சானெட் (பதினான்கு வரிப் பாட்டு) தொடருக்குப் பின்னால் அச்சானது. ஸ்பென்சர் அயர்லாந்தில் எலிசபெத் பாய்லை மணந்தபோது எழுதியது. பாட்டே புனித பார்னபாஸ் திருநாளைச் சொல்வதால் நாள் ஜூன் 11. வருடம் 1594 என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. இந்த வகைப் பாட்டில் கவிஞர் வழக்கமாக அடுத்தவர் கல்யாணத்தில் நின்று பாடுபவர். இங்கே மாப்பிள்ளையே கவிஞர். யாப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

முதலில் மீட்டர். அடிப்படை வரி ஐயம்பிக் பென்டாமீட்டர். அதாவது பத்து அசை, ஐந்து சீர், ஒவ்வொரு சீரிலும் இரண்டாவது அசையில் அழுத்தம். நம் நேரசை, நிரையசைக் கணக்கு எழுத்தின் குறில், நெடில், ஒற்றைப் பார்க்கும். இங்கே கணக்கு முழுவதும் அழுத்தத்தில். அதனால் மாத்திரை எண்ணும் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். முதல் வரி ‘யீ லேர்னெட் ஸிஸ்டர்ஸ்’ என்று தொடங்கும். ‘லேர்ன்ட்’ என்று இன்றைய உச்சரிப்பில் ஒரே அசையாகப் படித்தால் ஓர் அசை குறைந்து வரி நொண்டும். ஆறாவது வரியின் ‘ஜாயெட்’ என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு அல்லது மூன்று குட்டை வரிகள் உண்டு, கடைசிப் பத்தியில் மட்டும் ஒன்று. பெரும்பாலும் அவற்றுக்கு மூன்று சீர். முதல் பத்தியின் பதினாறாவது வரிக்கும் கடைசிப் பத்தியின் குட்டை வரிக்கும் நான்கு. பத்தியை முடிக்கும் பல்லவி வரிக்கு ஆறு சீர், அதாவது அலெக்ஸாண்ட்ரின். நீள வரிகளுக்கு நடுவே குட்டை வரிகளைக் கலப்பது இத்தாலியக் கன்ஸோனே வடிவத்திலிருந்து வந்தது. டான்டேயும் பெட்ரார்க்கும் பதினோரு அசை வரியோடு ஏழு அசை வரியைக் கலந்து எழுதிய வடிவம் அது. பாட்டையே கூப்பிட்டுப் பேசி முடிக்கும் சிறிய கடைசிப் பத்தியும் அங்கிருந்து வந்ததுதான்.

அழுத்தம் எங்கே புரள்கிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் கிடைக்கும். 5-ஆம் பத்தி ‘வேக் நவ் மை லவ்’ (விழித்தெழு என் அன்பே) என்றும், 12-ஆம் பத்தி ‘ஓபன் த டெம்பிள் கேட்ஸ்’ (ஆலயக் கதவுகளைத் திறங்கள்) என்றும், 15-ஆம் பத்தி ‘ரிங் யீ த பெல்ஸ்’ (மணிகளை அடியுங்கள்) என்றும் தொடங்குகின்றன. மூன்றிலும் முதல் அசையே அழுத்தம் வாங்குகிறது. பகல் முழுக்க மாப்பிள்ளை ஆளாளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். உத்தரவு வரும் இடத்தில் முதல் சீர் திரும்பிக்கொள்கிறது. இரவு வந்த பிறகு, 19-ஆம் பத்தியில், ‘லெட் நோ’, ‘நீ லெட்’ (வேண்டாம், விடாதே) என்ற வேண்டுதல்கள் வரிசையாக வரும். அந்த வரிகள் பெரும்பாலும் சாதாரண ஏறுநடையிலேயே போகின்றன. இது என் காது சொல்வது. நானூறு வருடத்துக்கு முந்தைய உச்சரிப்பை நாம் ஊகித்துத்தான் படிக்கிறோம் என்பதால், விடைத்தாளில் ‘தோன்றுகிறது’ என்று எழுதுங்கள், ‘நிச்சயம்’ என்று எழுத வேண்டாம்.

சரி, இயைபு. முதல் பத்திக்கு நீங்கள் குறித்ததைத் தமிழ் எழுத்துகளில் போட்டால் அஆஅஆ இஇ ஆஇஆ ஈஈ உஊஊஉ உ எஎ. பல கையேடுகளிலும் இதுதான் இருக்கும். இரண்டாவது பத்தியில் ஏழாவது, ஒன்பதாவது வரிகள் ‘அவேக்’, ‘ஃப்ளேக்’ என்று புதிய ஒலியில் முடிகின்றன. இரண்டாவது, நான்காவது வரிகளின் ‘ஸ்ப்ரெட்’, ‘ஹெட்’ ஒலிக்கு அவை திரும்பவில்லை. உங்களுக்குப் பொருந்தாமல் போனது இந்த இடம்தான். முதல் பத்தியில் அதே இடங்களில் ‘மோர்ன்’, ‘டேர்ன்’ வருகின்றன. அவற்றை ‘அடோர்ன்’, ‘ஸ்கோர்ன்’ என்பவற்றோடு ஒரே இயைபாக எடுத்தால் நீங்கள் எழுதிய கணக்கு வரும். தனி இயைபாக எடுத்தால் முதல் பத்தியும் இரண்டாவது பத்தியும் அச்சாக ஒன்றாகிவிடும். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். காரணம் ஒலி கூட இல்லை, அடுத்த பத்தியின் அமைப்பு. ஆனால் அந்தக் காலத்தில் இந்த நான்கு சொற்களும் ஒன்றோடொன்று இயையப் போதுமான நெருக்கம் கொண்டவை என்பதால், மற்றவர்கள் குறிப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

18, 19 குழப்பத்துக்கு வருவோம். உங்கள் பிரதியில் தப்பில்லை. மொத்தம் 24 பத்திகள், 433 வரிகள். கடைசிப் பத்திக்கு ஏழே வரிகள். மற்ற 23-இல் பதின்மூன்று பத்திகள் 19 வரி, ஒன்பது பத்திகள் 18 வரி, 15-ஆம் பத்தி மட்டும் 17 வரி. இந்த ஒரு வரி வித்தியாசம் எங்கே நுழைகிறது என்று 2-ஆம், 3-ஆம் பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். 2-ஆம் பத்தியில் கடைசிக் குட்டை வரி ‘டைட்’ என்று முடிந்து, தனக்கு முந்தைய நான்கு வரிக் கூட்டத்தின் இயைபையே கடன் வாங்குகிறது. 3-ஆம் பத்தியில் அந்தக் குட்டை வரிக்கு முன்னால் புதிதாக ஒரு நீள வரி சேர்ந்து, ‘அவெய்ட்’, ‘ஸ்ட்ரெய்ட்’ என்று இரண்டும் தனி ஜோடியாகிவிடுகின்றன. 11-ஆம், 17-ஆம் பத்திகளிலும் இதே ஏற்பாடு. ஆக 18, 19 என்பது கவனக்குறைவாகத் தெரியவில்லை, ஒரே சட்டத்தின் இரண்டு வடிவங்கள். இந்தப் பாட்டு அச்சானதற்கு அடுத்த வருடம் வேறொருவர் குடும்பத்தின் இரட்டைக் கல்யாணத்துக்காக இவரே எழுதிய ‘புரோதலாமியன்’ பத்துப் பத்திகளும் 18 வரியில் கச்சிதமாக நிற்கின்றன. சமமாக எழுத வராமல் போனதில்லை.

15-ஆம் பத்தி தனிக் கதை. அதன் முடிவு 19 வரி வடிவத்தில் இருக்கிறது, ஆனால் நடுவில் வழக்கமாக வரும் ஒரு ஜோடி, அதாவது ஒரு நீள வரியும் ஒரு குட்டை வரியும், காணவில்லை. அச்சில் விடுபட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே குறைத்தார் என்பவர்களும் உண்டு. அந்தப் பத்தி எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள்: வருடத்திலேயே மிக நீண்ட பகலை, மிகக் குறுகிய இரவை, கல்யாணத்துக்கு இந்த நாளைப் போய்த் தேர்ந்தெடுத்தோமே என்ற அலுப்பை. நீண்ட நாளைப் பற்றிய பத்தி முழுப் பத்திகளிலேயே குறுகியதாக இருப்பது நல்ல நகைச்சுவை. நகைச்சுவையாக இருப்பதாலேயே அது திட்டமிட்டது என்று ஆகிவிடாது. இரண்டு விளக்கங்களையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

குட்டை வரிகளில்தான் எனக்கு இந்தப் பாட்டின் இயைபு பிடிபட்டது. முதல் பத்தியில் ஐந்தாவது வரி ‘லேஸ்’ என்று முடிய, ஆறாவது குட்டை வரி ‘ப்ரெய்ஸ்’ என்கிறது. பத்தாவது ‘லமென்ட்’, பதினொன்றாவது ‘ட்ரெரிமென்ட்’. பதினைந்தாவது ‘என்வைட்’, பதினாறாவது ‘ப்ரைட்’. கடைசிப் பத்தியை விட்டால், குட்டை வரி தனக்கு நேர் முந்தைய நீள வரியின் கடைசி ஒலியைத்தான் திருப்பிச் சொல்கிறது. மலை எதிரொலிக்கும்போதும் நாம் கத்தியதின் வால் மட்டும்தானே திரும்பி வரும். காடு விடை சொல்லும், எதிரொலி ஒலிக்கும் என்று பல்லவி சொல்கிறது. பல்லவி வருவதற்கு முன்பே பத்திக்குள் இரண்டு மூன்று சிறிய எதிரொலிகள் கேட்டுவிடுகின்றன. இயைபு இப்படி இருப்பது யாரும் சரிபார்க்கக்கூடிய விஷயம். ஸ்பென்சர் எதிரொலியை மனதில் வைத்துத்தான் இப்படிச் செய்தார் என்பது என் வாசிப்பு. கன்ஸோனேயிலும் குட்டை வரி முந்தைய வரியோடு இயைவது உண்டு என்பதால், பழைய வடிவம் கொடுத்ததை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்று சொல்வது பாதுகாப்பானது. 23-ஆம் பத்தியையும் பாருங்கள். மூன்றாவது குட்டை வரி வர வேண்டிய பதினாறாவது இடத்தில், இனி இந்த நம்பிக்கையில் ஓய்வெடுப்போம் அன்பே என்று ஒரு முழு நீள வரி வந்து நிற்கிறது. முந்தைய வரியோடு அது இயைவதும் இல்லை.

இனி பல்லவி. ‘த வுட்ஸ் ஷல் டு மீ ஆன்ஸர் அண்ட் மை எக்கோ ரிங்.’ காடுகள் எனக்கு விடை தரும், என் எதிரொலி ஒலிக்கும் என்பது பொருள். மணப்பாட்டில் திரும்பத் திரும்ப ஒரு வரி வருவது லத்தீன் மரபு. லத்தீன் கவிஞர் கட்டுல்லஸின் 62-ஆம் பாட்டில் திருமணத் தேவன் ஹைமனை அழைக்கும் வரியும், 64-ஆம் பாட்டில் விதித் தேவதைகள் நூல் நூற்றபடி பாடும் வரியும் எழுத்து மாறாமல் திரும்பி வருகின்றன. ஸ்பென்சர் பல்லவியை அப்படி உறைய விடவில்லை. மாறாதவை இரண்டு: காடும் எதிரொலியும். கடைசி இரண்டு வரிகளின் இயைபும் மாறாது, 23 பத்திகளிலும் ‘ஸிங்’, ‘ரிங்’. மற்ற சொற்கள் எல்லாம் அசைந்துகொண்டே இருக்கின்றன.

அந்த அசைவை இரண்டு பட்டியலாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். முதல் பட்டியல் ஆம், இல்லை. முதல் 16 பத்திகளில் காடு விடை தருகிறது. 17-ஆம் பத்தியிலிருந்து ‘நோ மோர்’, ‘நார்’ என்று மறுப்பு வந்துவிடுகிறது: இனிக் காடு விடை தராது, எதிரொலியும் ஒலிக்காது. பகல் கூட்டத்துக்கு, இரவு இரண்டு பேருக்கு. இவ்வளவும் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அவற்றில் அதிகம் இல்லாதது, மறுப்பு வந்த பிறகும் வரியின் நடை மாறவில்லை என்பது. ‘ஆன்ஸர்’ அதே ஏழாவது அசையில் முடிகிறது, ‘எக்கோ ரிங்’ அதே இடத்தில் நிற்கிறது. ஒலிக்காதே என்று சொல்லும் வரியே முந்தைய 16 முறையின் எதிரொலியாகத்தான் காதில் விழுகிறது. அமைதி உண்மையில் வருவது 24-ஆம் பத்தியில். அங்கே பல்லவி இல்லை, ‘ஸிங்’, ‘ரிங்’ இல்லை. ‘ஆர்னமென்ட்’, ‘மொனிமென்ட்’ என்ற ஜோடியில் பாட்டு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது பட்டியல் யாருடைய எதிரொலி என்பது. என் கணிப்பில் பாட்டின் மையம் இங்கே இருக்கிறது. ‘என் எதிரொலி’ என்று வருவது முதல் பத்தியில் மட்டும். அங்கே அவர், எனக்கு நானே தனியாகப் பாடிக்கொள்வேன் என்கிறார். பிறகு கலைத்தேவியர், நீரணங்குகள், பறவைகள், பையன்கள், ஊர்ப்பெண்கள், பாடகர் குழு என்று பாடும் வேலை கைமாற, பல்லவியும் ‘உங்கள்’, ‘அவர்கள்’ என்று மாறுகிறது. 7-ஆம் பத்தியில் அவர் மறுபடி ‘நான் பாடுவேன்’ என்கிறார். அப்போதாவது ‘என்’ திரும்பி வர வேண்டும், வரவில்லை; ‘அவற்றின் எதிரொலி’ என்றே வருகிறது. ‘நம் எதிரொலி’ என்பது 21-ஆம், 23-ஆம் பத்திகளில்தான் தலைகாட்டுகிறது, அதுவும் மறுப்போடு சேர்ந்து. நடுவில் 22-ஆம் பத்தி ‘உங்கள்’ என்று தேவர்களிடம் போய்வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இது நேர்கோடாக ஏறும் படிக்கட்டு கிடையாது. பல இடங்களில் அந்தப் பத்தியில் பேசப்படுபவர் யார் என்பதைப் பொறுத்து இலக்கணமே அந்தச் சொல்லை முடிவு செய்கிறது. அப்படியிருந்தும் ஒருமை ‘என்’ தொடக்கத்தில் ஒரே தடவையும், ‘நம்’ கல்யாணம் முடிந்து இரவான பிறகும் வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாகப் பாட ஆரம்பித்தவர் பன்மையில் முடிக்கிறார். அந்த வேலையைப் பல்லவியே செய்கிறது.

பத்திகளுக்குள் வரும் மற்ற சொல் மீட்சிகளில் ஒன்றைச் சொன்னால் போதும். கல்யாணம் முடிந்து வீடு திரும்பும் 14-ஆம் பத்தியில் ‘போர் அவுட்’, ஊற்றுங்கள் மதுவை, வயிறு நிறைய ஊற்றுங்கள் என்று மீண்டும் மீண்டும் கத்துகிறார். 23-ஆம் பத்தியில் வானத்து சக்திகளிடம் அதே ‘போர் அவுட்’, ஆசியை எங்கள்மேல் ஊற்றுங்கள் என்று கேட்கிறார். சொல் அதே, முதல் அசையில் விழும் அழுத்தமும் அதே. விருந்தில் போட்ட உத்தரவு பிரார்த்தனையாகிவிட்டது. இரண்டு பத்திகளையும் எதிரெதிரே வைத்து எழுதினால் சொல் மீட்சிக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எண்களுக்கு வருவோம். ஏ. கென்ட் ஹையட் என்ற ஆய்வாளர் 1960-இல் வெளியிட்ட நூலில்தான் இந்தக் கணக்கு முழுதாக வந்தது. 24 பத்திகள் நாளின் 24 மணி. 433 வரிகளில் குட்டை வரிகள் 68 போக மீதி 365, வருடத்தின் நாட்கள். 68 என்பது 52 வாரம், 12 மாதம், 4 பருவம். 17-ஆம் பத்தியின் ஐந்தாவது வரியில், அதாவது 300-ஆவது வரியில், ‘இரவு வந்துவிட்டது’ என்று வருகிறது. அதற்கு முன் 16 பத்தியும் ஏறக்குறைய இன்னொரு கால் பத்தியும் பகல். தென் அயர்லாந்தில் அந்த நாட்களில் பகல் 16 மணி நேரத்துக்குச் சற்று மேல். அன்று அங்கே பழைய ஜூலியன் காலண்டர் என்பதால், ஜூன் 11, மிக நீண்ட பகல் வரும் கதிர்த்திருப்ப நாளை ஒட்டியே விழும்.

எண்ணிக்கைகள் சரி, நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவற்றின் பொருள்தான் பலவிதமான பலம் கொண்டது. பகல் இரவு பிரியும் இடம் எனக்கு வலுவாகத் தெரிகிறது, ஏனென்றால் பல்லவியும் அங்கேயே மாறுகிறது. 365 ஓரளவு வலு. 15-ஆம் பத்தி நாட்காட்டியைப் பற்றியே பேசுகிறது, கடைசி வரியும் குறுகிய காலத்துக்கு முடிவில்லாத நினைவுச்சின்னம் என்று காலத்தைத் தொட்டுத்தான் முடிகிறது. ஆனால் 15-ஆம் பத்தியில் அந்த ஜோடி உண்மையிலேயே விடுபட்டிருந்தால் கணக்கு 366 ஆகிவிடும். 68-ஐ வாரம், மாதம், பருவம் என்று பிரிப்பது விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது மாதிரி இருக்கிறது. மணிக் கணக்குக்கும் ஓர் இடைஞ்சல் உண்டு: பகலின் முதல் மணி முதல் பத்தி என்றால், 2-ஆம் பத்தியில் சூரியன் இன்னும் எழவில்லையே? அப்புறம் ஒரு வேடிக்கை. பாட்டு அச்சான 1595-ஐ ஹையட் நூல் வந்த 1960-இலிருந்து கழித்துப் பாருங்கள். 365 வரும். தற்செயலும் இப்படிக் கச்சிதமாக விழும் என்பதை வகுப்பில் இதைச் சொல்லித்தான் புரியவைப்பேன்.

பரீட்சைக்கு எழுதும்போது பல்லவியில் தொடங்குங்கள், குட்டை வரிகளுக்குப் போங்கள், பிறகு பத்தி அமைப்பு. எண்களை ஒரே பத்தியில், மேலே சொன்ன தயக்கங்களோடு முடித்துவிடுங்கள். பிரதி விஷயத்தில் மட்டும் கவனம்: பழைய எழுத்துக்கூட்டலும் வரி எண்ணும் உள்ள பதிப்பாக எடுங்கள். சில இணையப் பிரதிகளில் நீளமான பல்லவி வரி இடம் போதாமல் இரண்டாக மடிந்து இன்னொரு குட்டை வரி மாதிரி தெரியும். அதை வைத்து எண்ணினால் 433 வராது.